மூன்று நாளைக்கு இரண்டு சொட்டு

என் தங்கை முகத்துக்கென்று தனியாக ஒரு சோப்பு வாங்கியதில்லை. துணி துவைத்து மிஞ்சிய சோப்பிலேயே முகத்தையும் கழுவிக்கொள்வாள். கொள்ளிடக் கரையோரம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நடவு, களை, அறுப்பு என்று வருடத்தில் பாதி நாள் வரப்பிலேயே நிற்கிறவள். வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அவளுக்கு முப்பத்து நாலு வயது. இன்று வரை அவள் கன்னத்தில் ஒரு பருவை நான் பார்த்ததில்லை. நானோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. என் தாடையில் இன்னும் பரு வருகிறது.

இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. மறைக்க ஒன்றுமில்லை, எனக்கு அவள்மேல் பொறாமை. சின்ன வயதிலிருந்தே உண்டு. விசேஷ வீடுகளில் அத்தைகளும் சித்திகளும் அவள் முகவாயைப் பிடித்துக் கொஞ்சிவிட்டு, பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்ததும், 'நல்லாப் படிக்கிறியா?' என்று கேட்பார்கள். நான் படித்தேன். வேறு என்ன செய்வது?

படித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் ஆனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சீட்டை நீட்டுகிறவர்கள் மருந்தைப் பார்ப்பதற்கு முன் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் வருகிற ஓர் அம்மா ஒருமுறை மனசு தாங்காமல் கேட்டே விட்டார்: "மருந்து குடுக்கிற உங்களுக்கே கேக்க மாட்டேங்குதாம்மா?" அவர் கேட்டதில் கேலி இல்லை. அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை. ஆளாளுக்கு வைத்தியம் சொல்லுவார்கள். வேப்பிலை, பூண்டு, சந்தனம், சாதம் வடித்த கஞ்சி. கல்யாணமானால் போய்விடும் என்றார்கள், குழந்தை பிறந்தால் போய்விடும் என்றார்கள். இரண்டும் ஆயிற்று. பத்தாவது படிக்கும் என் மகனுக்கே இப்போது பரு வர ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு அது வயசு. எனக்கு என்ன கேடு?

ஆனால் அந்த ஜன்னலில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. எந்த மருந்தையும் சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டேன். எது சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால், எதை எத்தனை நாள் என்று சொல்லி, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். தப்பாகச் சொன்னால் மறுபடி சொல்வேன். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தாலும் விட மாட்டேன். மருந்து கொடுக்கிற அம்மாவிடம் ஒன்றுக்கு ரெண்டு தடவை கேட்டுக்கொண்டு போங்கள் என்று டாக்டரே என்னிடம் அனுப்புவார்.

போன வருடம் வைகாசியில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மூன்று பேரில் அவன் கடைசி. பெண் கும்பகோணம், முகூர்த்தம் ஆவணிக் கடைசியில். நிச்சயத்துக்குப் போவதற்காகத் தட்டுகளில் பழமும் வெற்றிலையும் அடுக்கிக்கொண்டிருந்தோம். வாழைப்பழச் சீப்பின் காம்பைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

"முடிச்ச சின்னவளே போடட்டும். நீ வெளக்குப் புடிச்சுக்க."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவன் உடன்பிறந்தவள் பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். எங்கள் வீட்டில் அது மூத்தவளின் உரிமை. அப்பாவின் கல்யாணத்தில் பெரிய அத்தைதான் போட்டாள். இன்றைக்கும் எந்தப் பேச்சு எடுத்தாலும் 'நான் முடிச்சுப் போட்டு வந்தவ நீ' என்றுதான் அம்மாவை அதட்டுவாள். தம்பி பிறந்த நாளிலிருந்து அந்த முடிச்சு என்னுடையது என்று நினைத்திருந்தேன். யாரும் கொடுக்க வேண்டிய பொருளாகவே அதை நான் நினைக்கவில்லை.

ஏன் என்று கேட்டேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "போட்டோல நல்லா இருக்கும்" என்றாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி, ஆளுக்கு ஒரு முடிச்சாகப் போடட்டுமே என்று சமாதானம் சொன்னான். இரண்டும் ஒரே கையால் விழ வேண்டும், கை மாறக் கூடாது என்று அம்மா அவன் வாயை அடைத்துவிட்டாள். தங்கை அப்போது கொல்லைப்பக்கம் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. பிற்பாடு அம்மா சொன்னதும் 'சரிம்மா' என்றாளாம். மறுக்கவில்லை. அந்த 'சரிம்மா'வை நான் மனசுக்குள் ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டேன். விளக்குப் பிடித்தால் வெளிச்சம் நேராக என் முகத்தில்தான் அடிக்கும் என்பதை அம்மா யோசிக்கவில்லை. அதை நினைத்து எனக்குச் சிரிப்புகூட வந்தது.

அடுத்த வாரமே அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னப் பெண். அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். தோல் டாக்டருக்குத் தோல் நன்றாக இருப்பதிலும் எனக்கு எரிச்சல். அவள் விளக்கைத் திருப்பி என் தாடையைப் பார்த்துவிட்டு, வயசு வந்தவர்களுக்கு வருகிற பரு இது, ஹார்மோன், சீக்கிரம் போகாது, ஆனால் அடங்கும் என்றாள். மாத்திரையோடு முகத்தில் தடவுகிற ஒரு சீரமும் எழுதினாள். வைட்டமின் ஏ-யிலிருந்து எடுத்தது. கட்டைவிரல் உயரப் பழுப்புக் கண்ணாடிக் குப்பி, மூடியிலேயே சொட்டுக்குழாய். அதன் விலையைக் கேட்டதும் கடைக்காரரிடம் இன்னொரு முறை கேட்டேன். எங்கள் வீட்டுக்கு ஒரு மாத மளிகை. என் கல்யாணத்துக்குக்கூட முகத்துக்கு நான் அவ்வளவு செலவழித்ததில்லை.

மூன்று நாளைக்கு ஒரு முறை, இரண்டே சொட்டு, படுக்கும் முன். முகம் நன்றாகக் காய்ந்த பிறகு. பகலில் வெயில் படக் கூடாது, பட்டால் எரியும், அதற்கு வேறு ஒரு கிரீம். மஞ்சள், கடலை மாவு, தேய்க்கிற எதுவும் கிட்டே வரக் கூடாது. இதை டாக்டர் ஒரு முறை சொன்னாள். நான் அவளிடம் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். நீங்கள் மருந்தாளுநரா என்று சிரித்தாள்.

குப்பியை ஃபிரிட்ஜில் முட்டை வைக்கும் குழியில் ஒளித்தேன். வீட்டுக்காரர் ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்கு விடுகிற மருந்தா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முதல் மூன்று வாரம் தோல் உரிந்தது. பழைய பருக்களோடு புதிதாகவும் வந்தன. ஜன்னலில் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது வாரம் எரிச்சல் குறைந்தது. ஆடிப்பெருக்குக்குள் தாடை அடங்கிவிட்டது. வடு இருந்தது, பரு இல்லை. குளித்துவிட்டு முகத்தைத் துடைக்கும்போது துண்டில் ஒன்றும் தட்டுப்படாமல் வழுவழுவென்று போனது. யாரும் இல்லாதபோது அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆடி கழிந்ததும் கல்யாணப் புடவை எடுக்கத் தாராசுரம் போனோம். நெசவு வீட்டுக் கூடத்தில் பாயில் புடவைகளை விரித்துப் போட்டிருந்தார்கள். அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப் புடவையை எடுத்து அம்மா என் தோளில் போட்டுப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் நேராக என்மேல் விழுந்தது. அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். 'முகம் தெளிஞ்சிருக்கே' என்றாள். முடிச்சை நீயே போடு என்று இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அம்மா அந்தப் புடவையை என் தோளிலிருந்து எடுத்துத் தங்கையின் தோளில் போட்டாள். முடிச்சுப் போடுகிறவளுக்கு இந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று நெசவுக்காரரிடம் சொன்னாள். எனக்குப் பச்சையில் ஒன்று எடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

பேருந்தில் திரும்பும்போது தங்கை என் வீட்டில் இறங்கிக்கொண்டாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வேண்டியிருந்தது. தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள் குப்பியோடு திரும்பினாள். அவளுக்கு இந்த மாதிரி விஷயத்தில் மூக்கு கொஞ்சம் நீளம்.

"இதானாக்கா? அதான் உன் மூஞ்சி இப்புடி ஆயிருக்கா?"

ஆமாம் என்றேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு, தனக்கும் கொஞ்சம் தர முடியுமா என்றாள். உனக்கு எதற்கு என்று கேட்டேன்.

"முடிச்சுப் போடறப்ப எல்லாரும் என் மூஞ்சியத்தானே பாப்பாங்க. வயல்ல நின்னு நின்னு கருத்துப் போயிட்டேன்."

அவள் கருத்துப்போனதெல்லாம் வெயில் கருப்பு, நாலு நாள் நிழலில் இருந்தால் போய்விடும். ஏணி வைத்தாலும் எனக்கு எட்டாத முகத்தை வைத்துக்கொண்டு, நான் மூன்று வாரம் உரிந்து எரிந்து வாங்கியதையும் கேட்கிறாள். முடிச்சும் அவளுக்கு, அரக்குப் புடவையும் அவளுக்கு, இப்போது இதுவும் வேண்டுமாம். எனக்குள் என்னவோ குளிர்ந்துபோன மாதிரி இருந்தது. அலமாரியில் கழுவிக் காயவைத்திருந்த சின்ன பிளாஸ்டிக் குப்பி ஒன்றை எடுத்து, அதில் பாதிக்கு மேல் ஊற்றினேன். இந்த மருந்தைக் கர்ப்பிணிகள் போடக் கூடாது. இவள் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவள், அதனால் பிரச்சினை இல்லை என்று அந்த நேரத்திலும் என் மூளை சரியாக வேலை செய்தது. மருந்தாளுநர் மூளை. அது எதையும் மறக்கவில்லை.

"எப்படிப் போடணும்?" என்றாள்.

"முகம் முழுக்கத் தடவிக்க."

"தெனமும் போடலாமா?"

"போடு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். வெயிலைப் பற்றிச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் கல்லில் உரைத்துப் பூசுகிற மஞ்சளைப் பற்றிச் சொல்லவில்லை. திருப்பிச் சொல்லு என்று கேட்கவும் இல்லை.

அவளுக்கு அப்போது சம்பா நடவு நேரம். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ போன் பண்ணினாள். முகம் எரிகிறது, குழம்புக்குத் தாளிக்கும்போது அடுப்பண்டை நிற்க முடியவில்லை என்றாள். முதலில் அப்படித்தான் இருக்கும், எனக்கும் உரிந்தது என்றேன். பொய் இல்லை. டாக்டர் சொன்னதுதான், நான் பட்டதுதான். போனை வைத்த பிறகு என்னை நானே நல்லவள் என்று நம்பிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. நடவு நடக்கும் இடத்துக்குப் போகாதே என்று சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. மறுபடி போன் பண்ணவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா வீட்டில் பந்தக்கால். தங்கை புடவைத் தலைப்பை முகத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். பல்வலி என்றாள். கால் நட்டு, தம்பிக்கு நலங்கு வைத்தார்கள். மிஞ்சிய மஞ்சளை மாப்பிள்ளையின் அக்கா தங்கைகளின் கன்னத்தில் பூசிக் கேலி செய்வது எங்கள் வழக்கம். மாமன் மகள் ஒருத்தி இரண்டு கையிலும் மஞ்சளை அள்ளிக்கொண்டு வந்து, தலைப்பை இழுத்துவிட்டுத் தங்கையின் கன்னத்தில் அப்பினாள். தங்கை கத்தவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள்.

மஞ்சளைத் துடைத்தபோது எல்லாரும் பார்த்தார்கள். கன்னம் இரண்டும் சிவந்து, தோல் வெள்ளையாகச் சுருண்டு உரிந்திருந்தது. உதட்டோரம் வெடிப்பு, அதில் மஞ்சள் ஏறியிருந்தது. பூச்சிமருந்து பட்டிருக்கும் என்றார் ஒருவர். வேர்க்குரு என்றார் ஒருவர். கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடுங்க என்று பெரிய அத்தை சொன்னாள். நீதானே மருந்து தெரிந்தவள் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். தங்கை என்னைப் பார்த்தாள். குப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள். "முடிச்ச நீயே போட்டுடு. அவ மூஞ்சி இப்புடி இருக்கு" என்றாள். மூன்று மாதமாக நான் காத்திருந்தது இதுதான். தலையை ஆட்டினேன்.

உள் அறையில் கதவைச் சாத்தி அவளை உட்கார வைத்து, குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து அவள் முகத்தில் ஒற்றினேன். என் பையிலிருந்த களிம்பைத் தடவினேன். இனிமேல் அந்தச் சீரத்தைப் போடாதே என்று இப்போது சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"உனக்கும் இப்படித்தான் எரியுமாக்கா? இத்தனை வருஷமா?"

எனக்கு இப்படி எரிந்ததில்லை. ஆனால் யாரும், இந்த முப்பத்தெட்டு வயதில் ஒருவர்கூட, வலிக்கிறதா என்று என்னைக் கேட்டதில்லை. போட்டோவில் எப்படி இருக்கும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். துணியை மறுபடி நனைக்கக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

அரக்குப் புடவையை அவளே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். என் பச்சையை அவள் கட்டிக்கொண்டாள். முகூர்த்தத்தில் தம்பி முதல் முடிச்சைப் போட்டதும் நான் குனிந்து மற்ற இரண்டையும் போட்டேன். இறுக்கிப் போடும்மா என்று பெண்ணின் அம்மா சிரித்தார். பக்கத்தில் தங்கை விளக்கோடு நின்றாள். சுடர் அவள் கன்னத்துக்குச் சூடாக இருந்திருக்க வேண்டும். முகத்தை ஒருக்களித்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டிப் பிடித்திருந்தாள். அணையாமல் கடைசி வரை பிடித்தாள்.

ஐப்பசியில் ஆல்பம் வந்தது. அம்மா வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். போட்டோகிராபர் ஒருவர் முகத்தையும் விடவில்லை, எல்லாரையும் கம்ப்யூட்டரில் வழித்துத் துடைத்திருந்தார். என் தாடையில் வடு இல்லை. தங்கையின் கன்னத்தில் சிவப்பு இல்லை. எழுபதைத் தொட்ட பெரிய அத்தையின் நெற்றியில் ஒரு கோடு இல்லை. ஒரே மாவில் பிசைந்த மாதிரி எல்லாருக்கும் ஒரே தோல். நான் சீரம் போட்டிருக்கவே வேண்டாம். யார் முடிச்சுப் போட்டிருந்தாலும் அந்தப் படம் இப்படித்தான் வந்திருக்கும்.

நிஜத்தில் தங்கையின் முகம் அதற்குள் பழையபடி ஆகியிருந்தது. ஒரு புள்ளி மிச்சமில்லை. எனக்குத் தாடையில் மறுபடி இரண்டு வந்திருந்தன, குப்பி தீர்ந்துபோனதால். எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது.

மற்றவர்கள் சாப்பிட எழுந்து போனார்கள். நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம். முடிச்சுப் போடுகிற படம் வந்ததும் அவள் பக்கத்தைப் புரட்டாமல் நிறுத்தினாள். நான் அழகாக இருப்பதாகச் சொன்னாள். பிறகு மடியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் குப்பியை எடுத்து ஆல்பத்தின் மேல் வைத்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"உன் குப்பியில பாத்த பேரச் சொல்லி மருந்துக்கடையில கேட்டேன். மூணு நாளைக்கு ஒருக்காத்தான் போடணுமாமே."

சொல்ல மறந்துவிட்டேன் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. படத்தில் முடிச்சுப் போடும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் ரெண்டு தடவ சொல்லுவியேக்கா" என்றாள்.

அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். தங்கை எழுந்து போய் எனக்கும் சேர்த்து இலை போட்டாள். நான் குப்பியை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.